நீர்வேலியில் ஒரு சுவர் ஆடியது

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஆய்வுகூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் என்னோடு வேலை பார்த்தவர் அல்ல என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் முப்பத்திரண்டு வருடம் பௌதிக ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். யாரையும் உற்சாகப்படுத்தியதாக என்மேல் இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை.

பதிவுப் புத்தகம் என்றால் என்னை நினைத்து நடுங்குகிற ஒரு தலைமுறை உண்டு. ஒவ்வொரு ஆய்வு அமைப்புக்கும் ஒரு கொப்பி. ஒரு திருகாணியை மாற்றினாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும்: யார் மாற்றியது, ஏன் மாற்றியது, கையொப்பம். பலாலி வீதியில் பஸ் ஏறிவிட்ட ஒருவனைப் போனில் கூப்பிட்டு, இறங்கி வரச் சொல்லி, ஒரு நட்டு மாற்றியதை எழுத வைத்திருக்கிறேன். அவன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறான், என்னோடு கதைப்பதில்லை. அப்படிப்பட்ட நான் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றியதுதான் இந்த நாலு பக்கமும். உற்சாகம் வேண்டியவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுக் கன்ரீனுக்குப் போகலாம்.

நீங்கள் கையாளப் போவது, அமுக்கினாலும் வளைத்தாலும் கொஞ்சம் மின் தருகிற மெல்லிய பிளாஸ்திக்குப் படலம். அதற்கு நெகிழும் நானோ மின்பிறப்பாக்கி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எப்படிச் செய்வது, எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். நான் அதன் குணத்தை மட்டும் சொல்கிறேன். அது ஒரு முகத்துதிக்காரன். நீங்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறீர்களோ அதையே சொல்லும்.

முதல் படலம் செய்த அன்று எங்கள் பேராசிரியர் அதைப் பெருவிரலால் அமுக்கினார். மின்னை அளந்து காட்டுகிற அலைவுகாட்டியின் திரையில் கோடு எகிறிப் பாய்ந்தது. உடனே கேக் வாங்க ஆள் போயிற்று. எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின் மேசையைத் துடைக்கப் போனேன். நான் படலத்தைத் தொடவே இல்லை, கிட்டப் போனதுதான். கோடு முன்னையதைவிட உயரமாகப் பாய்ந்தது. நான் உடுத்திருந்தது நைலோன் சேலை. அன்று எங்களுக்கு மின் தந்தது படலம் அல்ல, உரசிய துணிகள். பேராசிரியரின் பொலியெஸ்ரர் சட்டையும் அதற்கு உடந்தை. "மிஸ், உங்கடை சேலையையே ஆய்வேடாச் சமர்ப்பிப்பமோ?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனை மூன்று மாதம் கண்ணாடிக் குடுவை கழுவ விட்டேன். வெட்டின கேக்கைத் திரும்ப ஒட்டவும் முடியவில்லை.

சேலை விடயத்தில் நான்தான் கள்ளனைப் பிடித்தவள். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. அதனால்தான் அடுத்ததில் நானே விழுந்தேன்.

ஜெனிற்றா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலேரியில் நண்டுவலை போடுகிறவர். நாங்கள் பசை போட்டு ஒட்டி, அது கழன்று விழுந்து, மறுபடி ஒட்டுகிற இடங்களில் அவள் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பால் ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகு அதை அவிழ்ப்பதற்குக் கத்தரிக்கோல்தான் வழி. எம்.பில். என்கிற அவளுடைய முதுதத்துவமாணி ஆய்வு இதுதான்: அடிமட்டம் போன்ற மெல்லிய உருக்குக் கீலம் ஒன்றில் படலத்தை ஒட்டுவது. கீலத்தின் ஒரு முனையைக் குலுங்குகிற பொருளோடு கட்டுவது. மறு முனையில் சின்னப் பாரம் ஒன்றை வைப்பது. பொருள் குலுங்கக் கீலம் ஆடும், படலம் வளையும், மின் வரும். தோட்டத்து நீர்ப் பம்ப் சும்மா குலுங்கி வீணாக்குகிற சக்தியை இப்படிப் பிடித்தால், மண் ஈரமா காய்ந்ததா என்று சொல்லும் ஒரு சின்னக் கருவியைப் பற்றரி இல்லாமல் ஓட்டலாம்.

அவளுக்கு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு ஓரிடம் கிடைத்திருந்தது. குறித்த திகதிக்குள் இந்த ஆய்வேடு முடிந்து ஏற்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். தாய் ஏற்கனவே சந்தைக்குப் போய் ஒரு பெரிய சூட்கேஸ் பார்த்து வைத்திருந்தா.

ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்த ஆறு அமைப்புகளும் மெத்தச் சோம்பலாகத்தான் வேலை செய்தன. ஏழாவதை நான் செய்து கொடுத்தேன். அதை நீர்வேலிக்குக் கொண்டுபோய், செல்லத்துரை அண்ணையின் வாழைத் தோட்டத்தில் பம்ப்போடு கட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன தங்கச்சி, சோறு கட்டுற லஞ்ச் சீற்றோ?"

"இல்லை அண்ணை, உது கரண்ட் தரும்."

"எனக்குக் கரண்ட் இருக்கு. தண்ணி தருமோ எண்டு சொல்லுங்கோ."

பம்ப்பைப் போட்டதும் எங்கள் சின்ன எல்.ஈ.டி. விளக்கு சிமிட்டத் தொடங்கியது. முன்னைய ஆறையும் விடப் பல மடங்கு மின். ஜெனிற்றா என் கையைப் பிடித்து நெரித்ததில் என் காப்பு வளைந்துவிட்டது. தோட்டத்துப் பம்ப்பின் குலுக்கல் நல்ல பலம் என்று எல்லாரும் சொன்னோம். ஒரேயொரு சின்னக் கணக்கு மட்டும் உதைத்தது. அந்தப் பம்ப் மோட்டர் செக்கனுக்கு நாற்பத்தெட்டுத் தடவை அளவில்தான் சுழலும். எங்கள் படலமோ ஐம்பது என்று காட்டியது. "கிட்டத்தட்டச் சரிதானே" என்றார் பேராசிரியர். நான் தலையாட்டினேன். பிள்ளைகளே, ஆய்வுகூடத்தில் யாராவது கிட்டத்தட்ட என்று சொன்னால் கையில் இருக்கும் தேநீரைக் கீழே வையுங்கள். நாங்கள் வைக்கவில்லை. ஆய்வேட்டின் பெரிய அத்தியாயத்தை ஜெனிற்றா அந்த ஏழாவது அமைப்பின்மேல்தான் எழுதினாள்.

சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது, ஆய்வுக்குப் பணம் தந்த மூன்று அதிகாரிகள் கொழும்பிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை அவர்களை நீர்வேலிக்குக் கூட்டிப்போனோம். பம்ப் ஓடியது, விளக்குச் சிமிட்டியது, அவர்கள் போட்டோ எடுத்தார்கள். பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசத் தொடங்கினால் வாழை குலை தள்ளும்வரை நிற்க வேண்டிவரும். செல்லத்துரை அண்ணைக்குப் பொறுமை இல்லை. தண்ணீர்க் குழாயை மற்றப் பாத்திக்கு மாற்ற வேண்டும், எங்கள் அமைப்பு அவருக்குக் குறுக்கே நின்றது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார், முடியவில்லை. குலை வெட்டுகிற கத்தியால் தங்கூசியை அறுத்தார். அமைப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்ப் கொட்டிலின் சுவரில், மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் கொழுவிவிட்டார்.

விளக்கு நிற்கவில்லை. சுவரில் தொங்கிக்கொண்டு, முன்னையதைவிடச் சந்தோசமாகச் சிமிட்டியது.

செல்லத்துரை அண்ணை அதைப் பார்த்தார். பிறகு ஜெனிற்றாவைப் பார்த்தார்.

"பிள்ளை, பம்ப் குலுங்கிறதாலைதான் உது எரியுது எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"ஓம் ஐயா."

"அப்ப இப்ப ஏன் எரியுது? சுவர் ஆடுதோ?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழாவது அமைப்பைச் செய்த அன்று பின்னேரம் முனைக்கு வைக்கிற பித்தளைத் துண்டு முடிந்திருந்தது. அடுத்த நாள் காலை நீர்வேலிப் பயணம். மேசை இலாச்சிக்குள் துழாவினேன். பழைய ஹெட்போன் ஒன்றைக் கழற்றி எடுத்த, சட்டைப் பொத்தான் அளவு காந்தம் ஒன்று அகப்பட்டது. நிறுத்துப் பார்த்தேன், நிறை சரியாக இருந்தது. முனையில் வைத்து, ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் சுற்றினேன். பதிவுப் புத்தகத்தை எடுத்தேன், பேனை எழுதவில்லை, நாளைக்கு எழுதுவோம் என்று மூடிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

எங்கள் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது தடவை திசை மாறும். மின் ஓடுகிற வயரைச் சுற்றியும் மோட்டரைச் சுற்றியும் அதே ஐம்பதில் ஒரு காந்தப்புலம் துடிக்கும். என் காந்தம் அந்தப் புலத்தில் ஆடியிருக்கிறது. பம்ப் குலுங்கியதற்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. ஜெனிற்றா எழுதிய பெரிய அத்தியாயம் முழுவதும் குலுக்கலைப் பற்றியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கருவிகளைப் பற்றிய கேள்வி வந்தால் என்னைப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். நான் வாயைத் திறந்து சொன்னேன்:

"சுவரும் கொஞ்சம் ஆடும் அண்ணை. கைக்குத் தெரியாது."

செல்லத்துரை அண்ணை இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்தார். பிறகு காதை வைத்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆனால் நீங்கள் படிச்ச ஆக்கள், ஆடுது எண்டால் ஆடத்தான் வேணும்" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதற்குமேல் என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

பேராசிரியருக்கோ புதையல் கண்ட மாதிரி இருந்தது. "நுண்ணதிர்வு!" என்றார். சுவரின் நுண்ணதிர்வையே பிடிக்கிற அளவு நுட்பமான கருவி என்று பத்து நிமிடம் விளக்கினார். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தானும் சுவரில் கை வைத்துப் பார்த்தார். ஓம், ஆடுவது தனக்கு விளங்குகிறது என்றார். அவருக்குப் பிறகு மற்ற இருவருக்கும் விளங்கியது. அரைச்சாண் தடிப்புக் கல்லுச் சுவர் ஒன்று என் ஒரு வசனத்தால் அன்று நீர்வேலியில் ஆடியது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி என் அம்மா சொல்வா. அவ அன்று அங்கே இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பா.

திரும்பி வருகிற வழியில் வான் வண்டிக்குள்ளேயே பேராசிரியர் சொல்லிவிட்டார்: "ஜெனிற்றா, சுவரைப் பற்றி ஒரு சின்ன அத்தியாயம் சேருங்கோ. அதிர்வை அளந்து போட்டால் போதும்."

வெள்ளிக்கிழமை அவள் அதிர்வுமானியைத் தூக்கிக்கொண்டு நீர்வேலிக்குப் போனாள், சுவரை அளக்க. சனிக்கிழமையும் போனாள். ஞாயிறு பூசை முடிந்து போனாள். திங்கட்கிழமையும் போனாள். பின்னேரங்களில் செல்லத்துரை அண்ணை கொடுத்த இதரை வாழைப்பழத்தோடு திரும்பி வந்து, எனக்கும் இரண்டு தந்துவிட்டு, கணினிக்கு முன்னால் இருந்து கண்ணைக் கசக்குவாள். நான் பழத்தைத் தின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்குள் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. அவளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, இப்போது குழப்பக்கூடாது. இடம் போய்விட்டால் யார் பொறுப்பு? எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தானே? நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. பதிவுப் புத்தகத்து அம்மா எழுத மறந்தா என்ற கதை வளாகம் முழுக்கப் பரவுமே என்று பயந்ததுதான் உண்மையான காரணம். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட உடுப்பு. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். காரணங்கள் வரிசையாகவும் அழகாகவும் வந்து நின்றால், பின்னால் ஒரு வெட்கம் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்தாள். நாலு நாளின் அளவீடுகளையும் பிரிண்ட் எடுத்திருந்தாள். எல்லாக் கோடும் தட்டை.

"மிஸ், சுவர் ஆடேல்லை."

நான் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"நீங்கள் ஆடும் எண்டு சொன்னனீங்கள். விளக்கும் எரியுது. அப்ப நான்தான் எங்கேயோ பிழை விடுறன். அதிர்வுமானியை வைக்கிற முறை பிழையோ தெரியேல்லை. எனக்கு இது சரிவரேல்லை மிஸ். நான் உந்தப் படிப்புக்குச் சரியான ஆள்தானோ எண்டே யோசினையாக் கிடக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சரியான அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் பொய்யை நம்பி, அவள் தன்னைப் பிழை என்று சொன்னாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அலுமாரியிலிருந்து ஏழாவது அமைப்பை எடுத்தேன். பிளேடால் கறுப்பு ரேப்பைக் கீறினேன். கிட்ட இடுக்கியைக் கொண்டுபோனேன். காந்தம் துள்ளி வந்து இடுக்கியில் ஒட்டியது.

ஜெனிற்றா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி, விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. சுவர், சுவிச், வயர், ஐம்பது என்று அவள் கண்ணுக்குள்ளே ஒவ்வொன்றாகப் பொருந்துவது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை. அவர் சுவரைக் காட்டிக் கேட்ட உடனை."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பதற்றத்தில் வாய் நிற்கவில்லை. வாழ்நாளில் நான் சொன்ன மோசமான யோசனையை அப்போதுதான் சொன்னேன். "பிள்ளை, இஞ்சை பார். இது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். சுவர் அத்தியாயத்தை விட்டிடு, மற்றதை அப்பிடியே குடுத்திடு. முதல் போய்ச் சேர், பிறகு திருத்தலாம். நான் வாய் திறக்க மாட்டன்."

"நீங்கள் வாய் திறந்தபடியால்தான் மிஸ் நான் நாலு நாள் சுவரை அளந்தனான்" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். நேராகப் புத்தக அலுமாரிக்குப் போய், ஏழாவது அமைப்பின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்து வைத்தாள். பேனையையும் வைத்தாள். நான் அமைப்பைச் செய்த பழைய திகதிக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. என் கை தானாகவே அங்கே போனது. அவள் அந்த வரியின்மேல் விரலை வைத்து மூடினாள்.

"இண்டையத் திகதி போடுங்கோ மிஸ்."

முப்பத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொன்னதையே எனக்குச் சொன்னாள். அன்றைய திகதியைப் போட்டு, காந்தத்தை எழுதி, பிந்தி எழுதுகிறேன் என்றும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

பேராசிரியரிடம் இரண்டு பேருமாகப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"சுவர் ஆடுது எண்டு முதல் சொன்னது ஆர்?"

"நான்தான் சேர்."

"நான் நம்பினனானோ?"

"ஓம் சேர். வடிவா நம்பினீங்கள். பேரும் வைச்சனீங்கள்."

அவர் மேசையில் இருந்த கடிதத் தாளை இழுத்து எடுத்தார். பிறகு கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார், சுவர் ஆடவில்லை என்று. அது அவருக்குச் சுலபமான கடிதமாக இருந்திருக்காது. அங்கிருந்து வந்த பதிலில், சுவர் பற்றிய பகுதி தங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, அதைத் தொடர்ந்து செய்யவும் என்று இருந்தது.

ஜெனிற்றாவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உள்ளதைச் சுருக்கி எப்படியோ திகதிக்குள் கொடுப்பது ஒன்று. எல்லாவற்றையும் திரும்பச் செய்வது மற்றது. திரும்பச் செய்வதென்றால் நாலு மாதமாவது வேண்டும், வெளிநாட்டு இடம் பெரும்பாலும் போய்விடும். கால அவகாசம் கேட்டு அவர்களுக்கு எழுதினாள். பார்ப்போம் என்று பதில் வந்தது. அதை நம்பி அவள் திரும்பத் தொடங்கினாள். என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைத்தாள். அதில் எனக்குக் கோபம் இல்லை, வலி இருந்தது.

பித்தளை வைத்து ஒரு முறை, காந்தம் வைத்து ஒரு முறை. பம்ப்பில் ஒரு முறை, சுவரில் ஒரு முறை. செல்லத்துரை அண்ணை பம்ப்பைப் போடுவார், நிற்பாட்டுவார், திரும்பப் போடுவார். அந்தக் காலத்தில் அவருடைய வாழைக்கு ஓடிய தண்ணீரில் ஒரு குளம் கட்டியிருக்கலாம். யாராவது தோட்டத்துக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டிலைக் காட்டுவார். "இதுதான் எங்கடை ஆடுற சுவர். தொட்டுப் பாருங்கோ. ஒண்டும் தெரியாது. படிச்ச ஆக்களுக்குத்தான் தெரியும்." நான் அங்கே நின்றால் குரலை இன்னும் கூட்டிச் சொல்வார்.

கடைசியில் அவளுக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு முடிவுகள் கிடைத்தன. குலுக்கலிலிருந்து கிடைப்பது கொஞ்சம், ஆனால் அது உண்மையாகவே குலுக்கல், நாற்பத்தெட்டில் வருகிறது. வயரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்திலிருந்து கிடைப்பது நன்றாக இருக்கிறது, அது ஐம்பதில் வருகிறது. எதையும் வெட்டாமல், எதையும் இணைக்காமல், மின் ஓடுகிற ஒரு வயருக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டாலே போதும். ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தாள்: ஏழாவது அமைப்பின் முனைப் பாரமாகக் காந்தம் வைக்கப்பட்டது அப்போது பதிவு செய்யப்படவில்லை. என் பெயரை எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார், தமிழர். கருவியை இயக்கிக் காட்ட வேண்டியிருந்ததால் நானும் அலைவுகாட்டிக்குப் பின்னால் நின்றேன். ஜெனிற்றாவின் முகம் அன்று காலையிலிருந்தே சரியில்லை. பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். பதில்கள் சரியாகத்தான் வந்தன, ஆனால் குரல் எழும்பவில்லை. கேள்விகள் முடிகிற நேரத்தில் பரீட்சகர் அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

"பதிவு செய்யப்படேல்லை எண்டு நேர்மையா எழுதியிருக்கிறீங்கள், நல்லது. ஆனால் முனையிலை காந்தத்தை வைக்கலாம் எண்டு யோசிச்சது ஆர்? இந்த ஆய்வே அதிலைதான் நிக்குது. நல்ல மூளை."

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். ஜெனிற்றா நிலத்தைப் பார்த்தாள். "ஆய்வுகூடத்திலை இருந்தது சேர்" என்றாள், மெதுவாக. அவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த மூளை என்னுடையது என்று சொன்னாலும் நம்பியிருப்பார்கள், அவளுடையது என்று சொன்னாலும் நம்பியிருப்பார்கள்.

"நான்தான் வைச்சனான் சேர்" என்றேன். "மூளை ஒண்டும் இல்லை. பித்தளை முடிஞ்சு போச்சுது. எழுதவும் இல்லை. பிறகு கண்டுபிடிச்ச உடனை, சுவர் ஆடுது எண்டு ஒரு பொய்யும் சொன்னனான்."

பரீட்சகர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார், அவருக்குத் தும்மலும் சேர்ந்து வந்தது. கடைசியாக ஜெனிற்றா சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தாள். மாதக் கணக்கில் அவள் என் முன்னால் சிரித்து நான் காணவில்லை. பரீட்சகர் ஆய்வேடு சித்தி, அதாவது பாஸ், என்று எழுதினார்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இருவரும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோசம் தாளவில்லை. "கெதியா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லு. அந்தச் சூட்கேஸையும் வாங்கச் சொல்லு" என்றேன்.

அவள் சுருட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "காலமை மெயில் வந்தது மிஸ். இனிப் பொறுக்க ஏலாதாம். இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம்."

"காலமையோ? ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் அந்தப் பகிடியைச் சொல்லியிருப்பீங்களோ?" என்றாள். "விடியத் தொடக்கம் தொண்டைக்குள்ளை அழுகை நிண்டது மிஸ். நீங்கள் பித்தளை முடிஞ்சு போச்சுது எண்டு சொல்லேக்கைதான் இறங்கினது."

நான் கையில் இருந்த வயரைச் சுருட்டி, அவிழ்த்து, திரும்பச் சுருட்டினேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, தானே சுருட்டி, அலுமாரிக்குள் வைத்தாள்.